மூன்று கால்களும் ஒரு இஸ்திரிப் பெட்டியும்

என் கணவர் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவர். வருகிறவர்களிடமெல்லாம் "கொஞ்சம் குறைச்சுக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லி, எது லேசாக இருக்கிறதோ அதுதான் நல்ல பொருள் என்ற முடிவுக்கு வந்துவிட்ட மனிதர். தன் தொப்பைக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய்க் கேமரா ஸ்டாண்டு வாங்கும் பொறுப்பை ஒப்படைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல.

எனக்கு எதற்கு ஸ்டாண்டு என்றால், நான் தையற்காரி. துணி திருத்தும் கடையொன்றின் பின்னறையில் பல வருடமாக ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்னால் நிற்கும் கடைக்காரரைத்தான் எல்லாரும் "மாஸ்டர், உங்க கையே கை" என்று புகழ்வார்கள். அந்தக் கைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த நேரத்தில்தான் ஒரு தையல் பள்ளி இணைய வகுப்புக்கு ஆசிரியை தேடியது. கால்சட்டையில் ஜிப் வைப்பதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது, படம் ஆடக் கூடாது. என் கையை என் கையாகவே நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கேமரா என் தம்பியுடையது. "அக்கா, முன்பக்கம் லென்ஸ் கனம். கீழ விழுந்துச்சுன்னா நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று வாழ்த்திக் கொடுத்தான். முதலில் கணவரையே பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம். குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டியிலிருந்து எடுத்த மாதிரி வந்தது. போதாக்குறைக்குத் தும்மல் வேறு. துணியிலிருந்து பறக்கும் பஞ்சு அவருக்கு ஆகாது.

அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று மத்தியானம் அவர் ஸ்டாண்டோடு வந்தார். அதை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"தூக்கிப் பாரு. கடையில இருந்ததுலயே இதுதான் லேசு. விலையும் கம்மி."

"காத்தடிச்சா நிக்குமா?"

"வீட்டுக்குள்ள ஏது காத்து?"

நான் மின்விசிறியைப் போட்டேன். ஸ்டாண்டு மரியாதையாகக் குனிந்து, அப்படியே படுத்துவிட்டது. நல்லவேளை, கேமராவை இன்னும் மாட்டவில்லை.

"கடைக்காரர் வேற எதுவும் சொல்லலையா?"

"சொன்னாரு. கால்ல மடிப்பு குறைச்சலா இருந்தா உறுதியா நிக்கும்னு வேற ஒண்ணு காட்டினாரு. விலைகூட இதேதான். ஆனா அது அரைக் கிலோ கூட. வேணாம்னுட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். திருப்பிக் கொடுத்து மாற்ற நேரமில்லை. அளவு தப்பிய சட்டையைத் திருத்துவது போல இதையும் திருத்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இவர் அடியிலிருக்கும் குச்சி போன்ற பகுதிகளை நீட்டிவிட்டு, மேலே இருக்கும் தடித்த பகுதிகளை மடக்கியே வைத்திருந்தார். அதை மாற்றினேன். நடுத்தண்டை முழுக்க இறக்கினேன். கால்களை அகல விரித்து, ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையில் வைத்தேன். தரை வழுக்காமல் இருக்க ரப்பர் துண்டுகள் வெட்டிப் போட்டேன். இப்போது மின்விசிறிக்கு அசையவில்லை. ஆனால் தையல் மிஷின் ஓடினால் கிடுகிடுவென்று நடுங்கியது.

நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி இருந்தது.

"இது எதுக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார். "எதையாவது தொங்கவிடறதுக்காம். கனமா."

வீட்டில் கைப்பிடியோடு இருக்கும் கனமான பொருள் என் பழைய இஸ்திரிப் பெட்டிதான். அதைத் துணி நாடாவில் கட்டித் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். மிஷினை ஓட்டினேன். ஸ்டாண்டு ஆணி அடித்த மாதிரி நின்றது. ஏதோ பாலமே கட்டி முடித்துவிட்டது போல ஒருவரையொருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

படம் ஓட ஆரம்பித்தது. வெட்டினேன், ஊசி குத்தினேன், தைத்தேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. "இப்ப தையலை நல்லா அழுத்தித் தேய்க்கணும். அப்பதான் ஜிப் வெளிய தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, வழக்கம் போலப் பார்க்காமலே இஸ்திரிப் பெட்டிக்குக் கையை நீட்டினேன். கை வெறும் மேஜையைத் தடவியது.

எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டி ஸ்டாண்டில் தொங்குகிறது. எடுத்தால் கேமரா ஆடும். எடுக்காவிட்டால் வேலை முடியாது. நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க நேரமும் இல்லை. கணவரைப் பார்த்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் வாய் திறந்து சொன்னதையே புரிந்துகொள்ளாதவர், அன்று பார்வையிலேயே புரிந்துகொண்டார். முட்டிபோட்டுத் தவழ்ந்து வந்து ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்தார். கையால் பிடித்தால் நடுங்கும் என்று, நாடாவைப் பெட்டியிலிருந்து அவிழ்த்துத் தன் பெல்ட்டில் முடிந்துகொண்டு சப்பென்று உட்கார்ந்தார். கேமரா இம்மியும் அசையவில்லை. அந்தத் தொப்பை முதல்முறையாக இந்தக் குடும்பத்துக்கு உழைத்தது.

அவர் தரையோடு தள்ளிவிட்ட பெட்டியை எடுத்து மின்சாரத்தில் மாட்டினேன். அது சூடாகும்வரை ஜிப்பின் நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கினேன். அதற்குள் அவர் மூக்கருகே பஞ்சு ஒன்று மிதந்து வந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. நான் தேய்த்தேன். ஜிப்பைத் திறந்து மூடிக் காட்டினேன். "அவ்வளவுதான்" என்றேன்.

அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தார் போல. தும்மினார். ஸ்டாண்டு அவரோடு சேர்ந்து சாய்ந்தது. கேமரா நேராக அவர் வயிற்றில் விழுந்து, அங்கிருந்தபடியே அவர் அடுத்த தும்மலையும் முழுசாகப் படம் பிடித்தது. தம்பிக்கும் எனக்கும் இருந்த உறவு பிழைத்தது.

வெட்டக் கூடாது என்பதால் தும்மலோடே அனுப்பினேன். எல்லாம் போயிற்று என்று இரவெல்லாம் அழுதேன்.

காலையில் பள்ளியின் தலைமை ஆசிரியை போனில் பேசினார்.

"உங்க கையை விட்டு எனக்குக் கண்ணே நகரலம்மா. திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க."

"வந்துடறேங்க, வந்துடறேங்க" என்று இரண்டு முறை சொன்னேன்.

"ஆமா, கடைசியில தும்மினாரே, அவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. ஸ்டாண்டுக்கு அவர்தான் பாரம்."

"முடிஞ்சா அவரையும் கூட்டிட்டு வாங்க. எங்க ஸ்டாண்டும் ஆடுது."

சிரிப்பும் அழுகையுமாகக் கணவரிடம் சொன்னேன். அவர் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அலுவலகக் குரலில் கேட்டார்.

"எத்தனை கிலோ வேணும்னு கேட்டியா?"