வெர்னாவின் மேடை ஏன் காயவில்லை

1

இந்தக் கதை ஒரு தகர டப்பாவிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய இடத்திலிருந்து வந்ததாகக் காட்டிக்கொண்டால் நடுவில் மாட்டிக்கொள்வேன்.

என் பெயர் டாயில். அரிசோனாவில் பென்சன் என்கிற ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வேலை. பழைய டிரெய்லர்கள் வரும், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற குட்டி வீடுகள். அவற்றின் தேய்ந்த சமையல் மேடையையும் சாப்பாட்டு மேசையையும் புதுப்பித்துத் தருகிறேன். முப்பத்தொரு வருடமாக. யார் யாரோ முழங்கை ஊன்றித் தேய்த்த மேசைகளைப் புதிதாக்கி என் முழங்கை போய்விட்டது.

எழுதப் படிக்க வந்தது ஐம்பத்தெட்டு வயதில். முதலாளி கத்துவதை நிறுத்திவிட்டு ஃபோனில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நூலகத்துக் காலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வகுப்பு எடுக்கும் இனெஸ், கைக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னாள். இது என் கைக்குத் தெரியாமல் போன ஒன்றைப் பற்றியது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அரிசோனா வெயிலில் வெள்ளியாக மின்னியபடி அந்த டிரெய்லர் – மின்னவில்லை. அழுக்காக இருந்தது.

காதலும் எபாக்சியும் ஒன்றுதான், ஏனென்றால் – [இதைப் படித்துவிட்டு இனெஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விட்டுவிட்டேன்.]

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன்.

இது இருக்கட்டும்.

3

வெர்னா கிட்ரெட்ஜ் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒருநாள்கூட நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ போனதில்லையாம். பிப்ரவரியில் பழைய டிரெய்லர்காரர்கள் எல்லாரும் எங்கள் ஊர் முகாமில் கூடுவார்கள். மிக நேர்த்தியான டிரெய்லருக்கு நீல ரிப்பன் உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்னால் தன் 1961ஆம் வருடத்து வண்டியின் வேலையை என்னிடம் விட்டாள்.

ஓரத்து அலுமினியப் பட்டையை ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். அறுபது வருடத்துப் பன்றிக்கொழுப்பைக் கழுவினேன். உப்புத்தாள் போட்டேன், சிகரெட் சுட்ட குழிகளை அடைத்தேன், வெள்ளை பூசினேன். மேலே எபாக்சி ஊற்ற வேண்டும். ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவம். கலந்து ஊற்றினால் ஏழு நாளில் இறுகிக் கண்ணாடியாகும், அதுவரை மேலே எதையும் வைக்கக் கூடாது. எங்கள் பட்டறை டப்பாவில் இரண்டும் சம அளவு. என் கை அப்படித்தான் பழகியிருந்தது.

மேசைக்கு ஊற்றியதும் பழைய டப்பா தீர்ந்தது. மேடைக்குப் புது டப்பா, வேறு கம்பெனி. மூடியில் அதே மாதிரி பளபளக்கும் மேசைப் படம். அப்போது படம் மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.*

அளக்க வெர்னா தன் மஞ்சள் கோப்பைகளில் இரண்டு தந்தாள். அதில் ஒன்று, இதில் ஒன்று, விளிம்பு வரை ஊற்றினேன். அவள் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு இரண்டு கோப்பை, கல்யாண விருந்து மாதிரி இருக்கிறது என்றாள்.

* படத்தை வைத்து நாய் உணவு வாங்கிச் சாப்பிட்ட கதையும் உண்டு. இங்கே வேண்டாம்.

4

மேசை கல் மாதிரி இறுகியது. மேடை இறுகவில்லை. ஏழாம் நாளும் தொட்டால் விரல்ரேகை பதிந்தது. நான் வாய் திறப்பதற்குள் வெர்னா முந்திக்கொண்டாள்.

"திட்டாத டாயில். அஞ்சாம் நாளு தெரியாம கெட்டிலத் தூக்கி அதுமேல வச்சுட்டேன். ஒரே நிமிஷம். வெறுங் கெட்டில்தான்."

வெறும் கெட்டில் எதையும் கெடுக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் எது கெடுத்தது என்று தெரியாது. டப்பாவில் என்ன போட்டிருக்கிறது, படி பார்க்கலாம் என்று யாராவது கேட்டுவிட்டால்?

"கெட்டில்தாங்க," என்றேன். "மேசைல யாரும் கெட்டில் வைக்கல. பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

ரிப்பனுக்கு மதிப்பெண் போட வந்தவர் தன் தாளை மேடைமேல் வைத்தார். திரும்ப எடுத்தபோது பாதி வந்தது. மீதியில் இருந்த மதிப்பெண் மேடையோடு தங்கிவிட்டது. ரிப்பன் வேறு யாருக்கோ போனது.

5

இந்த இடத்தில் லானியைக் கொண்டுவர வேண்டும். வெர்னாவின் தம்பி, முகாமில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் தன் டிரெய்லரை நிறுத்துபவன். கதாபாத்திரமாக எனக்கு இவன்மேல் நம்பிக்கையில்லை. கதைக்குத் தேவையான அளவுக்குச் சரியாக வாயாடுகிறான். ஆனால் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறான், என்ன செய்ய?

முகாம் முழுக்க அவன்தான் பரப்பினான். "எங்கக்காவுக்கு முட்டை வேகுற வரைக்கும் நிக்க முடியாது. ரிப்பனையே அவிச்சுட்டா." அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் அவசரக்காரி.

வெர்னா சிரித்துக்கொள்வாள். ஆனால் காபி கொதித்துவிட்டதா என்று இப்போது அவனிடம் கேட்கிறாள். பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு நொடி யோசிக்கிறாள், பேருந்து ஓட்டியவள். மேடைமேல் பூப்போட்ட விரிப்பு போட்டாள், அது ஒட்டிக்கொண்டது. அதை மறைக்க இன்னொன்று.

ஒவ்வொரு பிப்ரவரியும் எனக்கு ஒரு எலுமிச்சை கேக் கொண்டுவந்து தருகிறாள். என் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்பாக. ஆறு கேக். அருமையாக இருக்கும். [இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னாள் இனெஸ். எடுத்தால் நான் நல்லவனாகிவிடுவேன்.]

6

போன இலையுதிர் காலத்தில் பட்டறை அலமாரியில் அந்தக் கம்பெனி டப்பா ஒன்று இருந்தது. யார் துணையும் இல்லாமல் நான் படித்த முதல் எழுத்து அதுதான். விரல் வைத்துப் படித்தேன்.

ரெசின் இரண்டு பங்கு. ஹார்டனர் ஒரு பங்கு. அளவு மாறினால் ஒருபோதும் இறுகாது.

'ஒருபோதும்' என்பதற்கு நாலு தடவை ஆனது. படிப்பு வந்ததற்காக அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான்.

7

இந்த வருடம் வெர்னாவே கூப்பிட்டாள். மேடையைத் திரும்பப் போட வேண்டும், இந்தத் தடவை கெட்டிலை லானியிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். சூடு காட்டிச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. விரிப்புப் பூக்கள் தலைகீழாக உரிந்து வந்தன. போன புதன்கிழமை ஊற்றும் நாள். அதே கம்பெனி டப்பா. அவளே வாங்கி வைத்திருந்தாள். அதை என் கையில் கொடுத்தாள்.

"என் கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. எப்படிக் கலக்கணும்னு போட்டிருப்பான், நீயே படிச்சுச் சொல்லேன்."

கண்ணாடி அவள் தலையில், முடிக்குள் இருந்தது.

மேசையில் மஞ்சள் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. எண்ணினேன். மூன்று.

ரெசினுக்கு இரண்டு, ஹார்டனருக்கு ஒன்று என்றால் மூன்று கோப்பை வேண்டும். அல்லது மூன்றாவது காபிக்காக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்கிறாள் இனெஸ். அவளுக்கு வெர்னாவைத் தெரியாது.

"என்ன டாயில், எழுத்து பொடியா இருக்கா?"

"இல்லைங்க," என்றேன். விரலை வரிக்கு அடியில் வைத்தேன். "ரெசின் –"

8

முதல் முடிவு: 'சம அளவு' என்று படித்துவிடுகிறேன். மேடை ஒட்டும். வெர்னா சாகும்வரை அவசரக்காரி, நான் சாகும்வரை கேக். எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாவது: வெர்னா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு டப்பாவை வாங்கி அவளே படிக்கிறாள். இதில் நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. அதனாலேயே இது பொய்.

மூன்றாவது: உள்ளதைப் படிக்கிறேன். அவள் ஒவ்வொரு கோப்பையாக நிமிர்த்தி வைக்கிறாள், மூன்றாவதை மட்டும் மெதுவாக. எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்க, அவள் – இங்கே என் பென்சில் நின்றுவிடுகிறது. அவள் பேச வேண்டியதை நான் எழுதக் கூடாது.

9

இன்று புதன்கிழமை. ஊற்றி ஏழு நாள்.

காலையில் ஒரு எலுமிச்சை கேக் சுட்டேன். சமையல் புத்தகத்தைப் படித்து, அளந்து. ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பரவாயில்லை. வெர்னா காலையில் நடக்கப் போவாள், கதவைப் பூட்டுவதில்லை. கேக் தட்டை மேடைமேல் வைத்துவிட்டு வரப்போகிறேன். தட்டுக்கு அடியில் இந்தத் தாள்கள், எழுத்து கீழே பார்க்க, கடைசிப் பக்கம் அடியில். லானியும் பக்கத்தில் இருந்தால் நல்லது. முகாமுக்குக் கேட்கிற மாதிரி படிக்க அவனைவிட்டால் ஆள் இல்லை.

தாள் முழுசாகக் கையோடு வந்தால், அன்றைக்கு நான் என்ன படித்தேன் என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் மேடையோடு ஒட்டிக்கொண்டால், அதுவும் தெரிந்துவிடும்.

ஏழு நாள் ஆகிவிட்டது, வெர்னா. தட்டைத் தூக்குங்கள்.