காலிக் கப்பலின் பாரம்

1.

இந்தக் கதை ஃபிஜியின் சுவா துறைமுகத்தில் ஒரு எஞ்சின் பிட்டர் வாயிலிருந்து விழுந்தது: "ஆளுங்க ஏறினா கப்பலுக்கும் முதுகு வளையும்ங்க." வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

கடல் அமைதியாக

வேண்டாம். கடலை அமைதியாக்கிவிட்டுத்தான் எல்லோரும் யாரையாவது மூழ்கடிக்கிறார்கள்.

2.

அந்த பிட்டருக்கு எசேகியா என்று பெயர் வைத்தேன். நாளை கோரோ தீவுக்குப் போகும் பயணிகள் கப்பலின் அடியறையில் படுத்திருக்கிறான். எஞ்சினிலிருந்து, கப்பலைத் தள்ளும் விசிறிக்குப் போகும் நீண்ட ஷாப்டைத் தாங்கும் பேரிங்குகளை நேர்ப்படுத்தவேண்டும். காலிக் கப்பலில் அளந்து, ஆள் ஏறினால் வளையும் அளவுக்கு இடம்விட்டுப் பூட்டுவது வழக்கம். பிசகினால் நடுக்கடலில் பேரிங் தீய்ந்துவிடும்.

வளைவை அளக்கும் முள், கப்பல் நிறைய ஆள் இருப்பதாகக் காட்டியது.

"விமலேஷண்ணே, மேல யாராச்சும் இருக்காங்களா?"

"நானும் நாலு எலியும்தான்," என்றார் ஃபோர்மன். "நேத்து யங்கோனா குடிச்ச கை ஆடுது. முள்ளு மேல பழி போடாதடா."*

எசேகியா மேலே போய்ப் பார்த்தான். வெறும் பெஞ்சுகள். கீழே வந்தபோது முள் இன்னும் சற்று ஏறியிருந்தது.

(* விமலேஷைப் பேயாக்க நினைத்திருந்தேன். இத்தனை வாய் உள்ள பேய் எடுபடாது.)

3.

வெயிலில் இரும்பு விரிந்ததோ? சாயங்காலம்வரை காத்திருந்தான். அடித்தொட்டியில் தண்ணீரோ? தட்டிப் பார்த்தான், வறண்டிருந்தது. எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. பயமாயிருந்தது.

"அதையே வச்சு பூட்டித் தொலைடா! டிக்கெட் வாங்கினவன் என்னைக் கடிச்சுத் தின்னுடுவான்," என்றார் விமலேஷ்.

"அந்த டிக்கெட்ல என் பொண்டாட்டி வசெமதாவும் வர்றாண்ணே. வயித்துல புள்ளையோட."

விமலேஷ் படியேறிப் போய்விட்டார்.

[முடிவு அ: அவன் மறுத்துவிட, வேறொருவன் வந்து பூட்டு... இல்லை, அது அநியாயம்.]

4.

எசேகியா இருட்டைப் பார்த்துச் சொன்னான்: "யாரா இருந்தாலும் எறங்கிடுங்க. உங்க கனத்துக்கு நான் பூட்டிட்டா, நீங்க போனதுக்கப்புறம் அவதான் சாவா."

இதை எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பினால் தாளில் ஒரு வரி கூடியிருந்தது, என் கையெழுத்தில்: முள் இறங்கியது.

உட்கார்ந்து படித்தேன். கண்ணெதிரே அடுத்த வரி: முள் ஏறியது.

அந்தப் பெஞ்சுகளில் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

5.

அவன் கையில் ஸ்பேனர் இருக்கிறது. விடிந்தால் வசெமதா ஏறுவாள். முடிவைப் பார்க்க நானும் படிக்கிற நீங்களும் காத்திருக்கும்வரை அவனால் சரியாக அளக்க முடியாது.

நான் இறங்கிவிட்டேன்.

முள் பாதிதான் இறங்கியிருக்கிறது.