ரப்பர் கிளவுஸுக்கு மாலை போட்ட கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை லியனார்ட் என் தலையில் கட்டினார். பெட்டாலிங் ஜெயாவில், மின்கம்பி வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி.

"சார், சேஃப்டி வீக்குக்கு மலர் போடுறோம். சின்னதா ஒரு கதை வேணும் லா. ரெண்டே கண்டிஷன். லாஸ்ட்ல ஒரு மெசேஜ் இருக்கணும். யாரும் சாகக் கூடாது, டைரக்டர்ஸ் எல்லாம் வாங்கிப் பாப்பாங்க."

ஒரு சாவும் இல்லாமல் மின்சார விபத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்டேன். "நீங்கதானே ரைட்டர்" என்று போனை வைத்துவிட்டார்.

எனவே 1930க்கு ஓடிப்போனேன். அங்கே டைரக்டர்கள் யாரும் தமிழ்க் கதை படிப்பதில்லை. நான் ஏதாவது ஏடாகூடமாக எழுதினாலும் வக்கீல் நோட்டீஸ் வராது. ஆட்கள், ஆபீஸ், துரை எல்லாமே என் கற்பனைதான். பிரிக்பீல்ட்ஸ் மட்டும் இருந்தது, இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "பிரிக்பீல்ட்ஸின் வானத்தில் மின்கம்பிகள் நகரத்தின் நரம்புகளாக—"

(நிறுத்திவிட்டேன். மின்கம்பியை நரம்பு என்று எழுதாத எழுத்தாளன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அந்த ஒருவனாவது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அய்யாவு கம்பத்தில் ஏறினான்."

(இதுவும் ஆகாது. எங்கள் ஊரில் கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் கிராமம். ஒரு கிராமத்தின் மேல் ஒருவன் ஏறுவதாக நினைத்து வாசகர் குழம்பிப்போவார். போஸ்ட்டு என்றே வைத்துக்கொள்வோம்.)

மூன்றாம் தொடக்கம்: "அய்யாவு போஸ்ட்டில் ஏறினான்."

வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முடிந்த மட்டும் அவனைத் தரையிலேயே நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருக்கப் போகிறேன். கதை இழுக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான்.

3

அய்யாவுக்கு இருபத்தெட்டு வயது. மின்சார ஆபீஸில் கம்பி வேலை. முதல் பிரதியில் அவனைப் பெரிய தைரியசாலியாக எழுதினேன். இரண்டு பக்கத்துக்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்துவிட்டு, கள்ளுக்கடையே கதியென்று கிடப்பவனாக எழுதினேன். லியனார்ட் முகம் நினைவுக்கு வர, அதையும் அடித்தேன். அப்புறம்தான் ஆள் பிடிபட்டான். அய்யாவு சரியான பயந்தாங்கொள்ளி. ஆறு வருடமாக அவன் உயிரோடு இருப்பதற்கு வேறு காரணமே இல்லை.

அவனுடைய கூட்டத்துக்கு மேலாள் தம்புசாமி. மண்டோர் தம்புசாமி என்றால் செந்தூல் வரைக்கும் தெரியும். சாமான் கொட்டகையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் கூட்டத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வந்திருந்தது. (கையுறை என்று சொன்னால் அய்யாவு திருதிருவென்று விழிப்பான். அவனுக்கு அது கிளவுஸ்.) ரவாங் பக்கத்துத் தோட்டங்களில் நம் சனங்கள் விடிகாலையில் பால் வெட்டி எடுத்த ரப்பர், கப்பலேறிச் சீமைக்குப் போய், பத்து விரலோடு திரும்பி வந்திருந்தது. அதற்கு முன்னால் கரண்டு ஓடும் கம்பியைத் தொட வேண்டுமென்றால் மடித்த சாக்கும் முருகன் துணையும்தான்.

கரண்டை நிறுத்திவிட்டு வேலை செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கம்பி துரைமார் கிளப்புக்குப் போகிறது. கரண்டை நிறுத்தினால் காற்றாடி நிற்கும். காற்றாடி நின்றால் துரைமாருக்கு வியர்க்கும். துரைமாருக்கு வியர்ப்பதை அந்த ஆபீஸில் யாரும் விபத்துக் கணக்கில் சேர்த்ததில்லை. அதைவிடப் பெரியதாக நினைத்தார்கள்.

அய்யாவு தினமும் காலையில் கிளவுஸை வாயில் வைத்து ஊதி, மணிக்கட்டுப் பக்கம் முறுக்கி, அமுக்கிக் கன்னத்தோரம் பிடித்துப் பார்ப்பான். எங்காவது காற்று கசிந்தால் ஓட்டை. அப்புறம்தான் மாட்டுவான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவான்.

4

ஆயுத பூசை வந்தது. கொட்டகையைக் கழுவி, பலகை போட்டு, குறடு, இடுப்புவார், கயிறு, ஏணி எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நடுவில், தாம்பாளத்தின் மேல் கிளவுஸ் ஜோடி. உயிரைக் காப்பாற்றும் சாமானுக்குத்தானே முதல் மரியாதை?

அய்யாவின் மனைவி வீரம்மா சுண்டல் கொண்டு வந்தாள். சுண்டலைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அவள் போகவில்லை. கிளவுஸுக்குப் போட்ட மாலை வழுக்கி வழுக்கிக் கீழே விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிக்க மாட்டேங்குது தங்கச்சி. ரப்பரு வழுக்குது" என்றார் மண்டோர்.

"நகருங்கண்ணே" என்றாள் வீரம்மா.

பூக் கோத்த ஊசியும் நூலும் அவள் கையில் இருந்தன. இந்த இடத்தில் நான் அவளைத் தடுத்திருக்கலாம். பேனா என் கையில்தானே இருந்தது. ஆனால் அவள் அவ்வளவு ஆசையாகக் குனிந்து, ஒவ்வொரு கிளவுஸிலும் நாலு தையல் போட்டு மல்லிகையை உள்ளங்கையோடு சேர்த்துத் தைத்தாள். புருஷன் கையைக் காக்கிற சாமானுக்குத் தன்னால் ஆன மரியாதை. எனக்கு அவள் மேல் பிரியமாகிவிட்டது. எழுதிக்கொண்டே போய்விட்டேன்.

"கிளவுஸுக்குக் கல்யாணக் களை வந்துடுச்சு!" என்று மண்டோர் கற்பூரம் காட்டினார். அய்யாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

(அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஓட்டை விழுந்த கிளவுஸ் என்ன செய்யும் என்று தெரியும். ஒருவருக்குமா உறைக்கவில்லை? உறைக்கவில்லைதான். அன்றைக்கு அது சாமி. சாமியில் யார் ஓட்டை தேடுவார்கள்?)

5

மறுநாள் விஜயதசமி. காலையில் வீரம்மா சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவு சட்டை மாட்டிக்கொண்டே பேசினான்.

"மண்டோரு இன்னிக்கு ஊத வேணாம்னுட்டாரு."

"எதை ஊத வேணாமாம்?"

"கிளவுஸைத்தான். தெனம் ஊதித்தானே பாப்பேன்? ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாக்கூட ஆளு காலி. அது வழியா கரண்டு கையில ஏறிரும்."

வீரம்மாவின் கை நின்றது. "அப்புறம் ஏன் ஊத வேணாமாம்?"

"பூசையில வச்ச சாமான்ல எச்சிப் படலாமா? நீயே சொல்லு. நூலை அறுத்துப் பூவை எடுத்துட்டு, பொட்டோட அப்பிடியே மாட்டிக்கிட்டு ஏறணுமாம். மொத வேலை சாமி வேலை. நாளைக்கு ஊதிக்கலாம்."

பூசைச் சாமான் விஷயத்தில் கூட்டத்தின் வழக்கம் அது. மூன்று வாரமாகத் தினமும் ஊதியாகிவிட்டது. ஊசி ஏறிய மறுநாள் மட்டும் ஊதக் கூடாது.

வீரம்மா ஒன்றும் சொல்லாமல் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே எனக்கும் அவளுக்கும் சண்டை. "அடி பாவி, சொல்லித் தொலையேன்" என்று நான் கத்தினேன். ஆபீஸ் கொடுத்த லயத்து வீடுகளின் பின்வரிசையைப் பார் என்றாள் அவள். பார்த்தேன். இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரப்பர் விலை விழுந்து வேலை குறைந்த வருடம் அது. அந்த இரண்டு குடும்பத்தையும் போன மாதம்தான் நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். யாரை அடுத்து அனுப்பலாம் என்று ஆபீஸ் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. சீமையிலிருந்து வந்த ஒரே ஜோடி கிளவுஸை லைன்மேன் பொண்டாட்டி ஊசியால் குத்திக் கெடுத்தாள் என்றால், அதைவிட நல்ல சாக்கு துரைக்குக் கிடைக்குமா?

வீரம்மாவுக்கு ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை, திரும்பிப் போனால் வா என்று சொல்ல ஆளும் இல்லை. பூசை போட்டதுதானே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சாமி காப்பாற்றும் என்றாள். ஊசி ரப்பரில் 'பொதுக்' என்று இறங்கியது விரலில் நினைவு வந்தது.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

6

அவள் ஓடி முடிப்பதற்குள் நான் எழுதிக் கிழித்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

அ) வீரம்மா போய்ச் சொல்கிறாள். மண்டோர் நெகிழ்ந்து, "தங்கச்சி, நீ எங்கள் கண்ணைத் திறந்தாய்" என்கிறார். துரை அவளுக்குக் கைகொடுக்கிறார். எல்லோரும் பாதுகாப்பு உறுதிமொழி—

(லியனார்டுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் தம்புசாமி பிறந்ததிலிருந்து யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவரை நான் கெடுக்க மாட்டேன்.)

ஆ) வீரம்மா தாமதமாக வருகிறாள். போஸ்ட்டின் மேல் ஒரு வெளிச்சம். கீழே மல்லிகை சிதறி—

(இதை எழுதும்போது எனக்கு நன்றாகவே வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அருமையான கடைசி வரிகூட அமைந்துவிட்டது. அதனால்தான் கிழித்தேன். ஒரு வரி நன்றாக அமைவதற்காக ஒருவனைக் கொல்வது ரொம்பக் கேவலமான வேலை.)

7

போஸ்ட்டு இரும்பு. அதில் சாய்த்த ஏணியில் அய்யாவு இரண்டாம் படியில் நின்றான். இடுப்புவார் கட்டியாகிவிட்டது. கிளவுஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தாங்க!" என்று கத்தினாள் வீரம்மா. (புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வராது. உயிர் போகிற நேரத்திலும் 'இந்தாங்க'தான். நாலு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.)

"எறங்குங்க!"

"ஏ புள்ள, என்னா இங்க?"

"மொதல்ல எறங்குங்க."

இறங்கினான். பயந்தாங்கொள்ளிகளிடம் எனக்குப் பிடித்தது இதுதான், விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். அவள் அவன் கையிலிருந்து ஒரு கிளவுஸை உருவினாள். சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"தங்கச்சி, அது பூசை சாமான்—" என்று மண்டோர் கை நீட்டினார்.

வீரம்மா கிளவுஸின் வாயில் தன் வாயை வைத்து, கன்னம் உப்ப உப்ப ஊதினாள். ரிக்ஷா இழுத்துப் போன சீனன்கூட வண்டியை நிறுத்தினான். முறுக்கி, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

உள்ளங்கையில், தையலுக்கு இரண்டாக எட்டு இடத்திலிருந்து காற்று சீறியது. காய்ந்த குங்குமம் புஸ்ஸென்று கிளம்பி மண்டோரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

அய்யாவு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வியர்வையில் நனைந்திருந்தது. மேலே கம்பியைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் தச்சது" என்றாள் வீரம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம்" என்றான் அய்யாவு தரையிலிருந்து. "நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

மண்டோர் சட்டையைத் தட்டினார். குங்குமம் இன்னும் நன்றாகப் பரவியது. "பொம்பள எச்சிப் பட்டுருச்சே" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கே அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் குரல் இறங்கிப்போய்க் கேட்டார்:

"ஊத வேணாம்னு சொன்னது நான்தானடா?"

"நீங்கதாண்ணே."

"இப்ப துரைகிட்ட என்னான்னு சொல்றது?"

8

அதோ, துரையின் மோட்டார் கார் வருகிறது. எனக்கு இதற்கு மேல் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் விருப்பமில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், பாதிச் சுமையை நீங்களும் தூக்குங்கள்.

எலி கடித்துவிட்டது என்று சொல்ல வைக்கலாம். எட்டு ஓட்டையும் வரிசையாக இருக்கிறது, துரை நம்புவது கஷ்டம். வீரம்மா தைத்ததாக மண்டோர் சொன்னால் அடுத்த கப்பலோடு மூன்றாவது வீடும் பூட்டப்படும். ஊத வேண்டாம் என்றது நான்தான் என்று அவர் சொன்னால் கொட்டகைச் சாவி கைமாறும். சொல்வாரா என்று என்னைக் கேட்காதீர்கள். குங்குமச் சட்டையோடு நிற்கிற மனிதரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 'துரை, புது கிளவுஸ் வர்ற வரைக்கும் கரண்டை நிறுத்திட்டுத்தான் ஏறுவோம், கிளப்புக் காற்றாடி நிக்கட்டும்' என்று யாராவது ஒருவர் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. யார் வாயில் அந்தப் பேச்சைக் கொடுப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எப்படி எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

அய்யாவை மட்டும் நீங்கள் மேலே ஏற்ற முடியாது. ஏணியின் அடிப் படியில் வீரம்மா உட்கார்ந்திருக்கிறாள்.