சம்பந்தி முன்னால் ஒலித்த பாட்டு

நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதருக்கு 'சுருதி' என்று பெயர் வைத்தது உடன் வேலை பார்த்தவர்கள்தான். அவர்கள் கேலிக்கு வைத்தார்கள், இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, ஆனால் வாங்கத் தெரியும். முதலில் இசைத்தட்டு, அப்புறம் கேசட், அதற்கப்புறம் சிடி. புதியது வந்ததும், பழையதெல்லாம் வெறும் இரைச்சல் என்று ஞானோதயம் பிறந்து, அது பரணுக்கு ஏறிவிடும். கூடத்து அலமாரியில் வீற்றிருந்த சிடிகளில் பாதிக்கு மேல் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. அவற்றைத் துடைத்துத் துடைத்தே, தையல்காரியான அவர் மனைவிக்கு உலக மேதைகள் அத்தனை பேரும் முகப்பழக்கம்.

யாராவது வந்தால் ஒரு சிடியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குறட்டை வராதவரை அது ரசனை என்று மனைவி எடுத்துக்கொள்வாள்.

கல்யாணமாகிப் போன மகள், அப்பாவின் போனில் பாட்டுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். இனிமேல் எதையும் வாங்கவே வேண்டாம், எல்லாப் பாட்டும் இதிலேயே இருக்கிறது என்றாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. அலமாரியில் அடுக்க முடியாத பாட்டை ஊருக்கு எப்படிக் காட்டுவது? ஆனாலும் தினமும் காலையில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்கப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சம்பந்தி ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்தால் அபராதம் போட்டுவிடுவார்களோ என்று பயந்த மாதிரி ஒரு முகம். மாப்பிள்ளை புது ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை, குத்துப்பாட்டைத் தாண்டிக் காது போவதில்லை என்று சுருதி விரிவுரை ஆற்றிவிட்டுப் போனை நீட்டினார்.

"மேல இருக்கறதைத் தட்டுங்க மாப்பிள்ளை. வயலின்தான்."

செயலியோ, அவர் அதிகம் கேட்ட பாட்டைத்தான் உச்சியில் வைத்திருந்தது. லாரி ஹாரனோடு ஆரம்பித்தது பாட்டு. காதலியின் அழகைக் கத்திரிக்காயில் தொடங்கி ஒவ்வொரு காய்கறியாக வர்ணித்துக்கொண்டு போனான் நாயகன்.

சுருதிக்கு வியர்த்துவிட்டது. வீட்டில் யாரோ தன் போனை எடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி மனைவியைப் பார்த்தார்.

அவள் நினைத்திருந்தால் பழியை ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் தூசி துடைத்த கை சும்மா இருக்குமா?

"எனக்கு ஏதுங்க நேரம்? காலையில காதுல மாட்டிக்கிட்டுப் போறது நீங்கதானே."

பூசணிக்காய் வந்தபோது மாப்பிள்ளை நிறுத்தப் போனார்.

"இருப்பா," என்றார் நீதிபதி. "அடுத்த சரணம்தான் நல்லா இருக்கும்."

எல்லாரும் நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பாராம்; டிரைவரைக்கூட வைத்துக்கொள்வதில்லையாம். முருங்கைக்காய் வரும் இடத்தில் அவர் கால் தாளம் போட்டது. சுருதியும் மெல்ல முணுமுணுத்தார். கண்ணைத் திறந்துகொண்டு புருஷன் பாட்டுக் கேட்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது சம்பந்திகள் இரண்டு பேரும் தினமும் ஒருவருக்கொருவர் பாட்டு அனுப்பிக்கொள்கிறார்கள். யாராவது கேட்டால், மக்கள் ரசனையைப் பற்றிய ஆராய்ச்சியாம்.