முன் இருக்கை

சிவப்பு விளக்கு எரிந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள். என் தங்கை ஒர்லீன் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் முன்வரிசையைத் தாண்டவில்லை. நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருமுனையில் இருப்பதுபோல மேசைமேல் ஒரு குட்டி விளக்கு. மேடையில் இருந்தவர்களில் ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருத்தி மடியில் போனைப் பார்த்தபடி எங்களுக்காகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆயுள் முழுக்க இந்த ஊரின் குப்பை வண்டியை ஓட்டியவன். நாற்றம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று அவள் மகன் கார்னெலைப் போலீஸ் நிறுத்தியது. நல்ல காதோடு போனவன் ஒரு காது செவிடாகி வந்தான். அந்தப் போலீஸ்காரனின் நெஞ்சில் கேமரா இருந்தது. அந்தப் படத்தைக் காட்டு என்றாள். விசாரணை நடக்கிறது, காட்ட முடியாது என்றார்கள். பிறகு, விசாரணை முடிந்துவிட்டது, அதனால் காட்ட முடியாது என்றார்கள். அதற்குத்தான் ஒரு பொதுமக்கள் வாரியம் வேண்டும் என்றாள்: சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து போலீஸ்காரனைக் கூப்பிட்டுக் கேட்கவும், படத்தை வாங்கிப் பார்க்கவும். சர்ச் வாசலிலும் முடிவெட்டும் கடையிலும் நின்று கையெழுத்து வாங்கினாள். கால் வீங்கிப்போயிற்று.

அன்று மாலையே வாரியத்தை நிறைவேற்றினார்கள். ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினார்கள். கூப்பிட்டால் போலீஸ்காரன் விருப்பமிருந்தால் வரலாம். கேட்டால் படத்தைப் போலீஸ் இலாகா விருப்பமிருந்தால் தரலாம். மொத்த மண்டபமும் எழுந்து கைதட்டியது. நகரசபைத் தலைவி விட்லாக் அம்மாள், பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கும்வரை காத்திருந்து, ஒர்லீனைக் கட்டிப்பிடித்தாள். வாரியத்தில் அவளுக்கும் ஓர் இடம் என்றாள். சர்ச்சின் கீழறையில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"கூப்பிட்டா வரணும்னு இல்ல, கேட்டா குடுக்கணும்னு இல்ல. எங்க வீட்டு நாய்கூடக் கூப்பிட்டா வரும்டி."

"உள்ள ஒரு நாற்காலியாவது கெடச்சிருக்குண்ணே."

"நாற்காலி எங்க சமையக்கட்டுலயும் இருக்கு."

"நீ என்ன பண்ணின? கடைசி வரிசையில உக்காந்து மொனகின. அந்தக் கேக்குலயும் ரெண்டு துண்டு."

நான் ரேடியோவைப் போட்டேன்.

வாரியத்தில் உட்காருமுன் ஒவ்வொருவரும் ஒரு நாள் போலீஸ் வண்டியில் கூடவே சுற்றி வரவேண்டுமாம். அவர்கள் படும் கஷ்டம் நமக்குப் புரியவேண்டுமாம். போலீஸ்காரன் ஒரு நாள் ஒர்லீன் வீட்டில் வந்து உட்கார்ந்து, மகன் எந்தப் பக்கம் திரும்பினால் அவனுக்குக் காது கேட்கும் என்று பழகிக்கொள்ளவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை நான்தான் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் நீலத் தொப்பியைப் போட்டிருந்தாள். போலீஸ் வண்டியோடு நின்றவன் சின்னப் பையன், சூயிங் கம் மென்றுகொண்டிருந்தான். கையைக் கொடுத்தான். இவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். சீட்டுக்கட்டு அளவில் கறுப்புப் பெட்டி, ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்.

"அது ஓடுதா தம்பி?"

"எப்பவும் ஓடும்மா."

"எம் பையனப் பிடிச்ச அன்னிக்கும் ஓடிச்சா?"

மெல்லுவதை நிறுத்தினான். "எனக்கு அதப் பத்தித் தெரியாதும்மா. ஏறுங்க, போலாம்."

அவள் நேராகப் போய்ப் பின்கதவில் கை வைத்தாள். எங்கள் தெருவில் யாரும் அந்த வண்டியில் முன்னால் உட்கார்ந்ததில்லை. கை தானாகப் போயிருக்கும்.

"அங்க இல்லம்மா, முன்னாடி," என்று சிரித்தான் பையன்.

அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கையை எடுக்கவில்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். வழவழவென்று பிளாஸ்டிக் இருக்கை. முன்னே கம்பித் தடுப்பு. கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை.

கதவைத் திறந்தாள். தொப்பி இடிக்காமல் குனிந்து ஏறி உட்கார்ந்து, தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

பையன் என்னைப் பார்த்தான். "விதிப்படி அவங்க முன்னாடிதான் உக்காரணும். நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"வாரியத்து அம்மாடா அவங்க," என்றேன். "நீ கூப்பிட்டுப் பாரு. விருப்பமிருந்தா வருவாங்க."

அவன் பின்கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றான். திறக்கவும் இல்லை, விடவும் இல்லை. நெஞ்சில் அந்தப் பொட்டு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கம்பிக்குப் பின்னால் ஒர்லீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த முன் இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.