தேவகுமாரி எழுதிய மறுமலர்ச்சி

தேவகுமாரி அந்தப் புத்தகத்தை எழுதி முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் அவள் சரித்திர டீச்சர். புருஷன் தேவசிகாமணி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவனுடைய அண்ணன் மரியதாஸ் சேலத்தில் கல்லூரிப் பேராசிரியர், அந்தக் குடும்பத்தின் முதல் எம்.ஏ. அவர் வீட்டுக்கு வந்துவிட்டால் தேவசிகாமணி நாற்காலியில் உட்கார மாட்டான்.

எழுபத்து நாலில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த மரியதாஸ், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"காலேஜுல இப்பத் தமிழ்லயே சரித்திரம் படிக்க வந்துட்டாங்க, அம்மணி. இத்தாலியில மறுமலர்ச்சி எப்படித் தொடங்குச்சுன்னு உருப்படியாத் தமிழ்ல ஒரு புஸ்தகம் இல்ல. ஒரு பதிப்பகத்துல எங்கிட்டக் கேக்கறாங்க. நீ ஒத்தாசை பண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுரலாம்."

'ரெண்டு பேரும் சேர்ந்து' என்ற வார்த்தையைத் தேவகுமாரி பிடித்துக்கொண்டாள்.

மடத்து நூலகத்தில், அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரச் சிஸ்டர்கள் விட்டுப்போன தடித்தடிப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. பனி ஏறி, பூஞ்சை பிடித்து, யாரும் தொடாமல் கிடந்தன. பள்ளி விட்டதும் அவள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். மூன்று வயது மரியசெல்வி அவள் காலடியில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருக்கும். வீட்டில் சோறு ஆறிப்போனதற்குத் தேவசிகாமணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வேலை அல்லவா.

துருக்கியர் ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்றில் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், அங்கிருந்து கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், அதனால் மறுமலர்ச்சி பிறந்தது. அவள் படித்ததும் இப்படித்தான், வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தான். படிக்கப் படிக்க அது தப்பு என்று தெரிந்தது. அதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே பிளாரன்ஸ் நகரத்தார் ஒரு கிரேக்க ஆசிரியரை அழைத்து வந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னாலேயே, மறந்துபோன லத்தீன் ஏடுகளைத் தேடி மடம் மடமாக அலைந்து, கையால் பிரதி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரதிக்காரர்களைப் பற்றி மட்டும் அவள் தனியாக ஒரு அத்தியாயம் எழுதினாள். 'ஓவியர்கள் விழிப்பதற்கு முன்பே எழுத்தர்கள் விழித்துக்கொண்டார்கள்' என்று அதன் முதல் வரியை எழுதியபோது, உட்கார முடியாமல் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

எழுபத்து ஏழில், நானூறு பக்கத்தையும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அடித்துத் திருத்தி எழுதிய நோட்டுகளையும் மரியதாஸ் கேட்டார், சரிபார்க்க ஆகுமாம். அடுத்த வாரம் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறு வருஷம் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் ஒரே பெயர்: பேராசிரியர் மரியதாஸ். முன்னுரையின் கடைசியில், 'கையெழுத்துப் படியை அழகாகப் பிரதி எடுத்துத் தந்த என் தம்பி மனைவிக்கு நன்றி' என்று ஒரு வரி. முதல் அத்தியாயத்தில் ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று என்ற பழைய கதையே திரும்ப ஏறியிருந்தது. பிரதிக்காரர்கள் அத்தியாயம் இரண்டு பத்தியாகச் சுருங்கிப் போயிருந்தது.

மறுநாளே சேலத்துக்குப் போனாள்.

"வா அம்மணி. அட்டை நல்லா இருக்குதா?" என்றார் மரியதாஸ்.

"எம் பேரைக் காணமுங்க, மாமா."

"முன்னுரையில சொல்லியிருக்கனே."

"பிரதி எடுத்தன்னு போட்டிருக்கீங்க. எழுதுனது நானுங்க."

"உங் கையெழுத்துன்னுதான நானும் சொல்லியிருக்கேன்?" அவர் சிரித்தார். "பள்ளிக்கூட டீச்சர் பேரு அட்டையில இருந்தா எந்தக் காலேஜுல பாடமா வெப்பாங்க? பேரு குடும்பத்துக்குத்தான வருது."

"அந்த வருஷத்த ஏனுங்க மாத்துனீங்க? அது தப்புங்க."

"பரீட்சையில அதத்தான் கேக்கறாங்க. நீ எழுதுனத எழுதுனா பையன் ஃபெயிலாயிருவான்."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தேவகுமாரி அதைக் குடித்துவிட்டு எழுந்தாள். அந்தக் காப்பியை ஏன் குடித்தோம் என்று பிற்பாடு பல வருஷம் தன்னையே வைதுகொண்டாள்.

பதிப்பகத்துக்கு எழுதினாள், கையெழுத்தைப் பார்த்தாலே யார் எழுதியது என்று தெரியுமே என்று. பதில் நான்கு வரியில் வந்தது. கையெழுத்து உங்களுடையதுதான், அதனால்தான் பிரதி எடுத்தவர் என்று ஆசிரியரே நன்றி சொல்லியிருக்கிறார். அவள் நம்பியிருந்த ஒரே சாட்சி அவளுக்கு எதிராகவே நின்றது.

"அண்ணன் மேல லெட்டர் போட்டயா?" என்றான் தேவசிகாமணி. "பொம்பளைக்கு எதுக்கு அட்டையில பேரு?" ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அதன்பிறகு பேசினான். ஆனால் அதன்பிறகு அவளுக்குத்தான் அவனோடு பேச ஒன்றும் இருக்கவில்லை. நூலகத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

பதினோரு வருஷம் கழித்து மரியதாஸின் மகன் சிங்கராயர் மலையேறி வந்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், வலது கை போய்விட்டது என்றான். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான்.

"ரெண்டாம் பதிப்புப் போடறாங்க, சித்தி. தப்பு ஏதாச்சும் இருந்தாத் திருத்திக் குடுக்கச் சொல்றாங்க. அப்பாவுக்குப் பேச்சு நொம்பக் குழறுதுங்க. ஆனா, 'சித்தியக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்'னு தெளிவாச் சொன்னாருங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டே புத்தகத்தை வாங்கினாள். முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். அந்த வருஷம் அப்படியே இருந்தது. நான்கு வாக்கியத்தில் சரிசெய்துவிடலாம். அந்த நான்கு வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். பென்சிலை எடுத்தாள். வைத்தாள். புத்தகத்தை மூடினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது, சாமி. ஒண்ணும் திருத்த வேண்டாம்."

அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போனான். அந்த மத்தியானம் முழுக்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. கிழவர் தப்போடேயே கிடக்கட்டும். சாயங்காலம் காப்பித் தோட்டத்தில் பனி இறங்கியபோதுதான் தோன்றியது: கிழவர் இனி அதைப் படிக்கப் போவதில்லை. படிக்கப்போவது வேறு புத்தகம் கிடைக்காத பிள்ளைகள். மரியதாஸ் பரீட்சைக்காகப் பொய்யை அச்சிட்டார். அவள் வன்மத்துக்காக அதை விட்டுவிட்டாள். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்தாள். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி, யாராக எழுதுவது என்று தெரியாமல் கிழித்துப் போட்டாள்.

மறு வருஷம் மரியசெல்வி சேலத்தில் பி.ஏ. சரித்திரம் சேர்ந்தாள். லீவுக்கு வந்தபோது இரண்டாம் பதிப்பை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"அம்மா, பெரியப்பா நொம்ப நல்லா எழுதியிருக்காருங்க. சின்னச் சின்ன வாக்கியமா, கத சொல்ற மாதிரி. எங்க கிளாஸுல எல்லாருக்கும் இந்தப் புஸ்தகந்தான் புடிக்கும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதல் கேள்விக்கு விடையை ஒப்பித்தாள்: ஆயிரத்து நானூத்தி ஐம்பத்தி மூணு, துருக்கியர், கான்ஸ்டாண்டிநோபிள்.

"சரியாச் சொல்றனாம்மா?"

"பரீட்சையில அதத்தான் கேப்பாங்க, கண்ணு," என்றாள் தேவகுமாரி.