என் வீட்டுக்காரரின் மிஸி

சாயங்காலம் போன் அடித்தால் என் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொள்வார். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு கூட இல்லை, வெறும் குரல்தான். அதற்கே மனிதர் கைலிக்கு மேல் சட்டையை மாட்டி, தலையைக் கையால் படிய வாரி, வாசலில் காருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இவர் பெயர் குணாளன். மாசாயில் வீடு, பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை. கூப்பிடுகிறவள் பெயர் லோஷினி. அவள் ஒரு மிஸி. எங்கள் பக்கத்தில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம்.

இவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. ஆலையில் பாதிப் பேருக்கு அதுதான் வியாதி. ஆள் மாற்றி ஆள் மெடிக்கல் லீவு போட்டு, ஆஸ்பத்திரிச் செலவும் ஏறிக்கொண்டே போனதால், முதலாளிமார் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியைப் பிடித்தார்கள். சீனி பார்க்கும் மெஷின் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும், எண் தானாகப் போனுக்குள் போய், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் போய்விடும். எண் ஏழு, எட்டுக்குள் ஒழுங்காக இருந்தால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். ஏறியிருந்தால் அங்கே வேலை பார்க்கும் லோஷினியே கூப்பிடுவாள். நல்ல ஏற்பாடுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கேளுங்கள். என்னோடு பேச மட்டும் இந்த மனிதருக்கு வாயில் கொழுக்கட்டை. காலையில் "சாவி எங்க", சாயங்காலம் "சோறு போடு", நடுவில் ஒரு "ம்". கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான். போகட்டும், சில ஆண்கள் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் வாசலில் உட்கார்ந்து கொட்டு கொட்டென்று கொட்டுகிறார். என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், சூப்பர்வைசர் என்ன சொன்னான், மழையில் மோட்டார் சைக்கிள் எங்கே நின்றது, எல்லாம். நடுவில் சிரிப்பு வேறு. இவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

லோஷினிக்கு என் மகள் வயசுதான் இருக்கும். போனில் படம் இருக்கிறது, பார்த்தேன். கண்ணாடி போட்ட சின்னப் பெண். அந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை. இருந்திருந்தால் சுலபம், ஒரு நாள் நேரில் போய் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருப்பேன். இது வேறு. எனக்குச் சேர வேண்டியதை ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போகிறாள், அவளைத் திட்டவும் வழியில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

ஹாலில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பேன். கேட்கக் கேட்கத் தொண்டை வறண்டு போகும். இனிப்பான ரோஜா சிராப் கலந்து ஐஸ் போட்டுக் குடித்துக்கொண்டே கேட்பேன். படுத்தால் தூக்கம் வராது, நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போவேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ராசம்மா, என்ன கஸ்தூரி இப்படி இளைச்சிட்ட, ஆள் அழகா ஆயிட்டியே என்றாள். வயிற்றெரிச்சலில் கூட அழகு வரும் போலிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் ஜன்னல் வழியாக அது காதில் விழுந்தது. "உள்ளங்கால் எரியுது மிஸி. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு." அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் தினமும் படுக்கிறேன். கால் எரிவது எனக்குத் தெரியாது. பயம் இருப்பதும் தெரியாது. கோலாலம்பூரில் இருக்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சோறு போடும்போது பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றேன். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"நீ கேக்கலையே. அது கேட்டிச்சு, சொன்னேன்."

அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. சாப்பிடாததையும் யாரும் கேட்கவில்லை.

சரி, எண் ஏறினால்தானே கூப்பிடுவாள், ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். வீட்டில் இவர் கண்ணில் சீனியே படவில்லை. பாகற்காய், வெந்தயம், முருங்கைக்கீரை என்று விதவிதமாகச் சமைத்தேன். சோற்றைக் குறைத்தேன். எண் இறங்கியது, கட்டைவிரல் படம் வந்தது. இவர் போனைப் பார்த்துப் பூரித்துப் போய், லோஷினி சொன்னபடி நடந்தேன், இறங்கிவிட்டது என்றார். அடுப்பில் வெந்தது நான், பெயர் வாங்கியது அவள். பாகற்காய்ச் சட்டியை அப்படியே தலையில் கவிழ்க்கலாம் என்று வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் விசித்திரம். அதே பாகற்காய், அதே கீரை, எண் மட்டும் மறுபடி ஏற ஆரம்பித்தது. போனும் அடிக்க ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சாயங்காலம் வெங்காயம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஓரமாக உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் தேத்தண்ணி பெரிய கிளாஸில் ஒன்றும், கூடவே வாழைப்பழப் பலகாரமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஆசையாகக் கூடச் சாப்பிடவில்லை. மருந்து குடிப்பதுபோல மடக் மடக்கென்று குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். வீட்டுக்கு வந்து விரலைக் குத்தினார். எண் ஏறியிருந்தது. போன் அடித்தது. சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவள் கூப்பிட வேண்டும் என்பதற்காகச் சீனியை ஏற்றிக்கொள்கிறார். எரிகிற காலை வைத்துக்கொண்டு, அண்ணன் கதை தெரிந்தும் இதைச் செய்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது. கேட்கலாம் என்று வாயைத் திறந்து மூடிவிட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எண்ணுக்குத்தானே அவள் கூப்பிடுகிறாள், அது யாருடைய ரத்தம் என்று மெஷினுக்கா தெரியும்? என் ரத்தத்தை வைத்துவிட்டால் போயிற்று. கட்டைவிரல் படம் வரும், போன் அடிக்காது. போன் அடிக்காவிட்டால் தேத்தண்ணி எதற்கு, கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிடுவார். எனக்குத் தலைவலி என்று கூட ஒரு நாள் படுத்ததில்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனதோடு சரி. என் ரத்தத்தில் குறை இருக்க வாய்ப்பே இல்லை என்று எனக்கு அவ்வளவு திமிர்.

மறுநாள் இவர் வந்து மெஷினையும் போனையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் புது ஊசி மாற்றி என் விரலில் குத்தினேன். சொட்டு ரத்தத்தை வைத்தேன். பத்தொன்பது என்று காட்டியது. இவருக்கே அவ்வளவு ஏறியதில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, இன்னொரு விரலைக் குத்தினேன். மறுபடியும் பத்தொன்பதுதான். என்னடா இது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. லோஷினி.

எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

அங்கிள், மயக்கமாக இருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பதறினாள். அங்கிள் குளிக்கிறார், நான் அவருடைய சம்சாரம் என்றேன். அப்படியானால் இது யாருடைய ரத்தம் ஆன்ட்டி என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் என்னுடையது என்று வந்துவிட்டது. ஏன் வைத்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். சமையலறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை.

"ஆன்ட்டி, ரொம்ப தாகம் எடுக்குதா? ராத்திரில அடிக்கடி எந்திரிக்கிறீங்களா? இளைச்சிட்டீங்களா?"

அத்தனையும் அவளால் வந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாம். அவள் அவசரப்படவே இல்லை. கண் மங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, சரியாகச் சாப்பிடுகிறீர்களா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று மெதுவாக ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். ஊசியில் நூல் கோக்க முடியாததைச் சொன்னேன். ராத்திரியில் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இவர் ஏன் வாசலில் போய் உட்கார்கிறார் என்று அப்போது தெரிந்தது, தெரிந்ததும் அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் இந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் விடிந்ததும் கண்டிப்பாகக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றாள். சரி என்றேன். பிறகு, எந்த வாயால் அவளைக் கரித்துக் கொட்டினேனோ அதே வாயால் கேட்டேன்.

"மறுபடியும் எப்பம்மா கூப்பிடுவ?"

"ஆன்ட்டி, கம்பெனி குடுத்த பேருக்கு மட்டும்தான் நான் கூப்பிட முடியும். குடும்பத்துக்கு இல்ல. நாம பேசுறது எல்லாம் பதிவாகுது. சாரி ஆன்ட்டி."

நிமிர்ந்து பார்த்தால் இவர் துண்டோடு நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய போனில், அவருடைய மிஸியோடு, நான் இவ்வளவு நேரம் என்ன பேசுகிறேன் என்று முகம் சுருங்கிப்போய்க் கையை நீட்டுகிறார். உங்கள் மிஸிதான், பேசுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. பேசி முடித்துவிட்டுத் தன் விரலைக் குத்திப் பார்த்தார். பத்து. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவருக்குப் பத்து, எனக்குப் பத்தொன்பது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் இவர் லீவு போட்டுவிட்டு என்னை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். கூட்டம் கதவுக்கு வெளியே நின்றது. பதிவு மேசையில் ஒரே ஒரு மிஸி. மற்றவர்கள் கூடுதல் சம்பளத்துக்குச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்களாம், பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா சொன்னார். டாக்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இனிப்புநீர்தான் என்றார், மாத்திரை எழுதினார், மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதி கொடுத்தார். ராத்திரி தூங்குகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பின்னால் அவ்வளவு பேர் காத்திருந்தார்கள்.

என் எரிச்சல் இப்போது அந்தப் பெண் மேல் இல்லை, இவர் மேல். எனக்கும் அதே வியாதி, அதுவும் இவரைவிட அதிகமாக. இவருக்கு மட்டும் கேட்க ஓர் ஆள், அதுவும் சம்பளம் கொடுத்து. எனக்கு மாத்திரைப் பை.

சாயங்காலம் போன் அடித்தது. இவர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் ஜன்னல் பக்கமே போகவில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார்.

"கஸ்தூரி. நேத்து ராத்திரி தூங்குனியா?"

திரும்பிப் பார்த்தேன். மேடையில் ஏறிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"ஆமா. உன்னைய என்ன கேக்கணும்னு நான்தான் கேட்டேன். எனக்குத் தெரியலையே."

கேள்வி அவளுடையது. கேட்கிற விதமும் அவளுடையது. ராத்திரி என்கிற வார்த்தையை அவள் இழுக்கிற மாதிரியே இழுத்தார். எனக்கு உள்ளே சுருக்கென்றது, அது இன்னும் போகவில்லை. இருந்தாலும் தூங்கவில்லை என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். இவர் எழுந்து போகவில்லை.

"அடுத்தது கேளுங்க" என்றேன்.